டீக்கடைக் கரண்டியில் இருந்து ஆரம்பிக்கலாம்

உடல் பருமனுக்கு எதிரா ஒரு நோட்டீஸ் அடிச்சு ஆஸ்பத்திரிச் சுவத்துல ஒட்டினா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. சென்னை காசிமேடு துறைமுகத்துல விடியக்காலை மீன் ஏலத்துக்கு வர்றவங்க நிக்கிறது டீக்கடையில.

அங்க கணக்கு இதுதான். ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன், அதாவது சுமார் 10 கிராம் சக்கரை. ஒரு நாளைக்கு நாலு டீன்னா 40 கிராம். 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

மாஸ்டர் கையில இருக்கிற ஸ்பூனைச் சின்னதாக்குங்க. ஒரேயடியா பாதியாக்கினா ஆளுங்க எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் ஸ்பூன் குறைக்கணும், அதுவும் தெருவுல எல்லாக் கடையும் சேர்ந்து. பாதியானா நூறு டீக்கு அரை கிலோ சக்கரை மிச்சம். கடைக்காரர் சம்மதிக்க அது போதும்.

பேரும் முக்கியம். ‘சக்கரை இல்லாம’ன்னு கேட்டா “சுகரா அண்ணே?”ன்னு பக்கத்துல நிக்கிறவர் கேப்பார். அந்தக் கூச்சத்துலயே பலர் கேக்க மாட்டாங்க. ‘ஸ்ட்ராங், அரை சக்கரை’ன்னு போர்டுல எழுதுங்க, தயங்காம கேப்பாங்க.

குண்டான ஆளைக் கேலி செய்யற படம் மட்டும் வேண்டவே வேண்டாம். அவங்க ஒதுங்கிப் போயிடுவாங்க. கடையில ஒரு இஞ்ச் டேப் தொங்கவிடுங்க. இடுப்பளவு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 தாண்டினா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர், பிரஷர் பாக்கச் சொல்லுங்க.