பேஸ்பால் கார்டு பாக்கெட்டைக் கிழிக்காதீர்கள், பிரியுங்கள்

பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட சேகரிப்புக் கார்டுகள், உள்ளே எது இருக்கிறதென்று தெரியாதபடி மூடிய பாக்கெட்டில் வரும். புது பாக்கெட் கைக்கு வந்ததும் மேல் ஓரத்தைப் பிடித்து சர்ரென்று கிழிக்கத்தான் கை பரபரக்கும். நல்ல கார்டுகளின் மூலை மழுங்குவது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான். ஃபாயில் உறைக்குள் கார்டுகள் இறுக்கமாக இருப்பதால், கிழிக்கிற விரலின் அழுத்தம் முழுவதும் மேலே இருக்கும் கார்டின் மூலையில் போய் விழுகிறது.

கைகளைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். க்ரீம், எண்ணெய் எதுவும் கையில் இருக்கக் கூடாது. மேசைமேல் ஒரு மெல்லிய துணி விரித்து, பென்னி ஸ்லீவ்களை, அதாவது கார்டு போடும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகளை, எட்டும் தூரத்தில் வையுங்கள். பாக்கெட்டை லேசாகத் தட்டி, கார்டுகளைக் கீழ்ப்பக்கம் ஒதுக்குங்கள். மேல் ஓரத்தின் முன்தாளையும் பின்தாளையும் ஒவ்வொரு கையால் பிடித்து, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பதுபோல் எதிரெதிராக இழுத்தால் ஒட்டு விட்டுக்கொடுக்கும். அடுத்து முதுகில் ஓடும் ஒட்டையும் கீழ்வரை பிரித்துவிட்டால் உறை விரிந்துவிடும், கார்டுக் கட்டை அப்படியே தூக்கிவிடலாம். கத்தரிக்கோல் பக்கம் போகவே வேண்டாம்.

இனிமேல்தான் சுவையான பகுதி. கட்டை உள்ளங்கையில் வைத்து, மேல் கார்டைக் கட்டைவிரலால் தள்ளாமல், இரண்டு பக்க ஓரத்தையும் பிடித்துத் தூக்கி எடுங்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் குரோம் கார்டாக இருந்தால் தள்ளும்போது ரேகையும் படும், கீறலும் விழும். ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கார்டு அச்சிடும் டாப்ஸ் நிறுவனத்தின் வழக்கமான தொகுப்பில் தங்க நிற ஓரம் உள்ள கார்டின் வரிசை எண் பின்பக்கம்தான் அச்சாகியிருக்கும். 2024 தொகுப்பு என்றால் அந்தக் கார்டு மொத்தம் 2024 பிரதிதான். பின்பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறியீட்டு எண்ணும் உண்டு. அதன் கடைசி இலக்கங்கள் மற்ற கார்டுகளிலிருந்து மாறியிருந்தால், அதே வீரருக்கு வேறு படம் போட்டுக் குறைவாக அச்சிட்ட கார்டு அது. அவசரமாகப் புரட்டுகிறவர்கள் இதைச் சாதாரண கார்டுகளோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

பிடித்த கார்டு வந்தால் முதலில் பென்னி ஸ்லீவ், அதற்குப் பிறகுதான் டாப்லோடர் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை. ஸ்லீவ் இல்லாமல் டாப்லோடரில் நுழைத்தால் அதன் கெட்டி பிளாஸ்டிக்கே கார்டை உரசிவிடும். ஸ்லீவின் இரு பக்கத்தையும் மெல்ல அழுத்தி, வாயைத் திறந்த பிறகு நுழையுங்கள். டாப்லோடரில் எவ்வளவு தடித்த கார்டு போகும் என்பதைப் பாயின்ட் கணக்கில் சொல்வார்கள். சாதாரண கார்டுக்கு 35 பாயின்ட் டாப்லோடர் போதும். சட்டைத் துணி பதித்த தடித்த கார்டுக்கு 130 பாயின்ட் எடுத்து வையுங்கள்.

பழைய மெழுகுத்தாள் பாக்கெட்டின் இன்பம் தனி. 1987 டாப்ஸ் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது, அந்தக் காலத்தில் அவ்வளவு அச்சடித்துத் தள்ளினார்கள். பெட்டிக்கு 36 பாக்கெட், பாக்கெட்டுக்கு 17 கார்டு, கூடவே ஒரு துண்டு சூயிங்கம். மரப்பலகை போன்ற ஓரம் கொண்ட இந்தத் தொகுப்பில் தேட வேண்டிய வீரர்களும் அவர்களின் கார்டு எண்களும்: பாரி பாண்ட்ஸ் 320, மார்க் மெக்வயர் 366, போ ஜாக்சன் 170. கம் இப்போது ஓடு மாதிரி நொறுங்கும், வாயில் போடாதீர்கள். அது ஒட்டியிருந்த கார்டில் விழுந்த கறை போகாது. உறையின் மெழுகு படிந்திருந்தால் மட்டும் பழைய நைலான் காலுறையால் மிக லேசாகத் துடைத்துப் பார்க்கலாம். மெழுகு உறையைச் சூடு காட்டித் திறந்து மறுபடி ஒட்டிவிட முடியும் என்பதால், மடிப்பின் கோடு இரண்டு இடத்தில் தெரிகிற பாக்கெட்டை வாங்காதீர்கள். இந்தத் தில்லுமுல்லுக்குத் தடையாகத்தான் 1989-ல் அப்பர் டெக் நிறுவனத்தின் தொகுப்பு ஃபாயில் உறையோடு வந்தது. அந்தத் தொகுப்பின் 1ஆம் எண் கார்டு கென் கிரிஃபி ஜூனியர் என்ற வீரருடையது.

1990களின் பளபளப்புக் கார்டுகள் ஈரப்பதத்தில் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். உரிக்கப் போனால் படத்தின் மேல்தோல் அடுத்த கார்டின் முதுகோடு போய்விடும். மொத்தக் கட்டையும் மெல்ல இப்படியும் அப்படியும் வளைத்து ஒட்டு தளர்ந்த பிறகு, பக்கவாட்டில் நகர்த்திப் பிரியுங்கள். அப்படியும் சில கார்டுகள் வீணாகும்.

உறையின் பின்புறம் ஓர் அரிய கார்டுக்கு 1:24 என்று போட்டிருந்தால் சராசரியாக 24 பாக்கெட்டுக்கு ஒன்று. உங்கள் பெட்டியில் கட்டாயம் இருக்கும் என்று அர்த்தமில்லை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் வீரர் பால் ஸ்கீன்ஸ் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டைப் பட்டையைப் பதித்து, அவர் கையெழுத்தோடு வந்த ஒரே ஒரு கார்டு, 11 வயதுச் சிறுவன் பிரித்த பாக்கெட்டில் கிடைத்து 2025 மார்ச்சில் 11.1 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதை நம்பி யாரும் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம். ஒரு குறிப்பிட்ட வீரர்தான் வேண்டுமென்றால் அந்தக் கார்டைத் தனியாக வாங்குவதே மலிவு. பாக்கெட் வாங்குவது பிரிக்கிற சந்தோஷத்துக்காக. உதிரி பாக்கெட்டுகளை யாராவது தடவிப் பார்த்து, தடித்த கார்டு உள்ளதைப் பொறுக்கி எடுத்திருக்கலாம் என்பதால், முடிந்தால் சீல் உடையாத பெட்டியாகவே வாங்குங்கள்.

சாதாரண கார்டுகளை ஒதுக்காதீர்கள், தொகுப்பு நிறைவது அவற்றால்தான். 1987 டாப்ஸ் தொகுப்பில் மொத்தம் 792 கார்டு. ஒரு பெட்டியில் 612 தான் இருக்கும், அதிலும் இரட்டை விழும். அதனால் இரண்டு பெட்டி பிரித்து, மீதியை மாற்றிக்கொள்ளுங்கள். 9 பை கொண்ட ஆல்பம் தாள் சரியாக 88 வாங்கினால் போதும், 792 கார்டும் ஒரு பை மிச்சமில்லாமல் உட்கார்ந்துவிடும்.