அம்மாவின் பிரஷரை எக்ஸெலில் வரைந்த அனுபவம்

அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்தபோது, வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார் மருத்துவர். முதலில் ஒரு நோட்டில்தான் எழுதினோம். பக்கம் பக்கமாக எண்கள் சேர்ந்தன. ஆனால் பிரஷர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் 152 வந்தால் வீடே பதறும், மறுநாள் 128 வந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருப்போம். இரண்டுமே தவறான முடிவு என்பது எண்களை எக்ஸெலில் போட்ட பிறகுதான் புரிந்தது.

அளக்கும் முறை சீராக இல்லாவிட்டால் எந்த வரைபடமும் உதவாது. அதனால் அதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டோம். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ கிடையாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். துணிக்கு மேல் இல்லாமல் வெறும் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதையும் கவனியுங்கள். அளக்கும்போது பேசாமல் இருப்பதுதான் அம்மாவுக்குச் சிரமமாக இருந்தது. பேசினாலும் அளவு ஏறும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. இதுதான் எங்கள் வழக்கம்.

அட்டவணை எளிமையானதுதான்: தேதி, நேரம், காலையா மாலையா, மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு, குறிப்பு. மேல் அளவையும் கீழ் அளவையும் தனித்தனி நெடுவரிசையில் போடுவது முக்கியம். 138/86 என்று ஒரே கட்டத்தில் அடித்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. அப்புறம் சராசரியும் வராது, வரைபடமும் வராது. கருவி 137 காட்டினால் 137 என்றே எழுதுங்கள். 140 என்றோ 135 என்றோ சுற்றிவிடாதீர்கள். குறிப்பு நெடுவரிசையில் 'தூக்கமில்லை', 'மாத்திரை மறந்தது', 'சளி' என்று ஒரு சொல் போதும். பின்னால் ஒரு புள்ளி மட்டும் தனியாக மேலே நிற்கும்போது அதுதான் விளக்கம் தரும்.

வரைபடத்தில்தான் நேரம் பிடித்தது. லைன் சார்ட்டில் தேதி அச்சு நாள் கணக்கில் நகரும். ஒரே நாளின் காலை, மாலை அளவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுவிடும். தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் கூட்டி, அதை வைத்து ஸ்கேட்டர் சார்ட் (ஒவ்வொரு அளவையும் தனிப் புள்ளியாக வைக்கும் வரைபடம்) போட்டதும் புள்ளிகள் அதனதன் நேரத்தில் உட்கார்ந்தன. செங்குத்து அச்சை 0-இல் தொடங்க விட்டால் கீழ்ப்பகுதி வீணாகி, ஏற்ற இறக்கம் தெரியாமல் அமுங்கிப்போகும். 120 முதல் 150 வரை என்று குறுக்கினாலோ சின்ன மாற்றம்கூட மலையாகத் தெரிந்து பயமுறுத்தும். 50 முதல் 190 வரை வைத்தேன். அதோடு 135, 85 என்று மாறாத எண்களை இரண்டு நெடுவரிசைகளில் நிரப்பி, இரண்டு கிடைக்கோடுகளாக வரைந்தேன். மருத்துவமனையில் 140/90 என்பது எல்லை என்றால், வீட்டு அளவுகளின் சராசரிக்கு 135/85-ஐத்தான் எல்லையாகக் கொள்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மொத்தச் சராசரி எல்லையை ஒட்டியே இருந்தது. காலையை ஒரு நிறமும் மாலையை ஒரு நிறமுமாகப் பிரித்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. மாலைப் புள்ளிகள் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே. காலைப் புள்ளிகள் கிட்டத்தட்ட எல்லாமே மேலே. குறிப்பிட்ட நிபந்தனைக்குப் பொருந்தும் எண்களை மட்டும் சராசரி எடுக்கும் ஆவரேஜ்இஃப் (AVERAGEIF) ஃபார்முலா போட்டு இரண்டுக்கும் தனித்தனியாகச் சராசரி எடுத்தபோது அதுவே எண்ணிலும் உறுதியானது. இந்தக் கணக்கை யார் போட்டாலும் காலையையும் மாலையையும் கலக்காதீர்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன்.

வரைபடத்தை ஒரே பக்கத்தில் அச்செடுத்து, மேலே இரண்டு சராசரிகளையும் எழுதி எடுத்துப்போனோம். நோட்டைப் புரட்டிப் பார்க்க மருத்துவருக்கு ஏது நேரம்? இதை ஒரு பார்வையில் படித்துவிட்டு, காலை அளவைப் பற்றியே விரிவாகக் கேட்டார், மருந்தையும் மாற்றி எழுதினார். மருந்தை மாற்றுவது அவர் வேலை. வரைபடத்தைப் பார்த்து நாமாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் என்று ஏதாவது இருந்தால் அட்டவணையெல்லாம் அப்புறம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது தினமும் அளப்பதில்லை. ஓயாமல் அளந்தால் அம்மாவுக்கு அதுவே கவலையாகிவிடுகிறது. மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய ஏழு நாள் மட்டும் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு, மற்ற நாட்களின் சராசரியைக் கொண்டுபோகிறோம்.