மோட்டரை விடுங்கள், பின் சில்லைப் பாருங்கள்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் தயிர் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினால் யாராவது ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை வாட்ஸ் மோட்டர்?" அடுத்தது, "ஒருக்கா சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடும்?" பின் சில்லில் எத்தனை கம்பி, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பாரம் ஏற்றும் மின்சார சைக்கிளில் தலையிடி தருவது அந்த இரண்டும்தான். அதனால் கேட்டவர்களுக்கும் இனிக் கேட்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்த வண்டியைக் கட்டியது 2022இல். அந்த ஆனி, ஆடி மாதங்களை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதற்கும் இரவிரவாக வரிசை. பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் எடுக்கும் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். தம்பலகாமத்திலிருந்து விடியக்காலை பஸ்ஸில் வரும் எருமைத் தயிரைத் திருமலை ரவுணில் இறக்கி எடுத்து, உப்புவெளி, அலஸ்தோட்டம், சில நாட்களில் நிலாவெளி வரைக்கும் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் கொடுப்பது என் தொழில். அந்த 4 லீற்றர் எனக்குக் கிழமையின் பாதிக்குக்கூடக் காணாது. ஸ்கூட்டி வீட்டில் நின்றது, தயிர் நிற்காதே.

தயிர் மற்றச் சாமான் மாதிரி இல்லை. உறைந்த சட்டியைக் குலுக்கினால் தண்ணி விட்டுவிடும். விடுதிக்காரர் மூடியிருக்கும் கடதாசியைத் திறந்து பார்த்து, மேலே தண்ணி நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளைக்காரர் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடக் கேட்பது கெட்டித் தயிரைத்தான். பின்னால் கரியரில் அடுக்கிக் கட்டினால் சட்டி உயரத்தில் நின்று ஆடும். ஆகவே பெட்டி முன்னால், ஹாண்டிலுக்கும் முன் சில்லுக்கும் நடுவில், நிலத்தோடு ஒட்டினாற்போலத் தாழ்வாக வர வேண்டும் என்று முடிவு செய்தேன். டென்மார்க்கில் இந்த அமைப்பு சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே இருக்கிறது, 'லோங் ஜோன்' என்பார்கள். பாலையூற்றில் வெல்டிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனில் படத்தைக் காட்டினேன். அவர் கன நேரம் பார்த்துவிட்டு, "தங்கச்சி, முன் பக்கத்தை நான் நீட்டித் தருவன். ஆனா பின் சில்லு இந்தப் பாரத்தைத் தாங்குமோ எண்டதை நீங்கதான் பாக்கவேணும்" என்றார். ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பின் பாதி ஒரு பழைய லுமாலா சைக்கிள். முன் சில்லு சின்னப் பிள்ளைகளின் சைக்கிளில் இருந்து எடுத்த 20 அங்குலம். ஹாண்டிலிலிருந்து முன் ஃபோர்க்குக்குப் பெட்டிக்கு அடியால் ஒரு நீளக் கம்பி போகிறது, அதன் இரு முனையிலும் உருளும் மூட்டு. அந்த மூட்டில் இம்மியளவு ஆட்டம் வந்தாலும் வண்டி நேராகப் போகாது, ஹாண்டில் ஒரு பக்கம் சொல்ல சில்லு இன்னொரு பக்கம் கேட்கும். மூட்டுக்குக் கிறீஸ் போட்டு, மேலே பழைய ரியூப் துண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், மணல் போகாமல்.

பெட்டிக்குள் நான் செய்த மாற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. லொறி ரியூப்பை இரண்டு விரல் அகல வார்களாக வெட்டி, பெட்டியின் அடிச் சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினேன், கயிற்றுக் கட்டில் பின்னுவது போல. அதற்கு மேல் பலகைத் தட்டு, தட்டில் சட்டிக்குச் சட்டி தடுப்பு, தடுப்புக்குள் தும்பு. முன் ரயர் 2.4 அங்குல அகலம். அதைக் கல்லு மாதிரி இறுக்காமல் 35 பிஎஸ்ஐ அளவில் விட்டிருக்கிறேன். சாம்பல்தீவுப் பாலத்தைக் கடக்கும்போது ஏறி இறங்கும் இடத்தில் வண்டி தூக்கிப் போடும், தட்டு மட்டும் மெதுவாக ஒருமுறை அமிழ்ந்து எழும்பும். தயிர் அசையாது. ரியூப் வார் வெயிலில் வெடிப்பு விடத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும்.

சரி, பின் சில்லுக்கு வருவோம்.

மோட்டர் பின் சில்லின் நடுவிலேயே இருக்கிறது. கொழும்பில் ஒரு கடையில் சில்லோடு சேர்த்து வாங்கினேன். அதில் வந்த கம்பிகள் 12 கேஜ், அதாவது 2.6 மில்லிமீற்றர். தடிப்பு கூடினால் பலம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவ்வளவு தடித்த கம்பிக்கு உரிய இறுக்கத்தைக் கொடுத்தால் றிம் தாங்காது. றிம் தாங்கும் அளவுக்கு இறுக்கினால் கம்பிக்கு அது போதாது. தளர்ந்த கம்பி, சில்லு உருளும் ஒவ்வொரு தடவையும் இழுபட்டு விடுபட்டு, தலைக்குக் கீழே வளைகிற இடத்தில் களைத்து அறும். பாரம் கூடிப்போய்த்தான் கம்பி அறுகிறது என்று சொல்பவர்கள் ஒருமுறை இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். வந்த சில்லில் கம்பி அறத் தொடங்கியதும் இரட்டைச் சுவர் றிம் ஒன்று எடுத்து, அதைவிட மெல்லிய 13 கேஜ் கம்பி போட்டு, கம்பித் தலைக்குக் கீழே சின்ன வாசர் வைத்து மறுபடி பின்னினோம். அதன் பிறகு சில்லு வாயைத் திறக்கவில்லை.

இப்போதும் மாதத்துக்கு ஒருக்கா பின் பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, கம்பியை விரலால் சுண்டிக் கேட்பேன். வலப் பக்கமும் இடப் பக்கமும் வேறு வேறு சுருதியில் ஒலிக்கும், அது பிழையில்லை. ஒரே பக்கத்தில் உள்ளவை ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். நடுவில் ஒன்று 'டொக்' என்று செத்த சத்தம் தந்தால் அதுதான் தளர்ந்தது. கம்பியை இறுக்கும் நிப்பிளை அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்புவதில்லை. கால் சுற்று, பிறகு சில்லைச் சுழற்றி றிம் நெளிகிறதா என்று பார்ப்பது, பிறகு அடுத்த கால் சுற்று. இதற்கு விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை. சில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஈர்க்கிலைக் கட்டி வைத்தால் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது அச்சு. மோட்டர் சில்லை முன்னுக்குத் தள்ளும்போது அதே விசையோடு அச்சு பின்னுக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பிடிப்பது அச்சின் இரு பக்கமும் சீவித் தட்டையாக்கிய 10 மில்லிமீற்றர் பகுதியும், சட்டத்தில் அது உட்காரும் வெட்டும் மட்டும்தான். இவ்வளவு சின்ன இடத்தில் சில நூறு கிலோ பாரத்துக்குச் சமமான விசை விழும். சைக்கிள் சட்டத்தைச் செய்தவர்கள் இப்படி ஒன்று வரும் என்று நினைத்துச் செய்யவில்லை. வெட்டு விரிந்து அச்சு ஒருமுறை சுழன்றுவிட்டால், அச்சுக்குள்ளால் போகும் வயர் எல்லாம் முறுக்கி அறுந்துபோகும், சில்லும் கழன்று வரலாம். அண்ணன் 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் அச்சின் தட்டைப் பகுதிக்குச் சரியாகப் பொருந்தும் துளையைப் போட்டு, இரு பக்கமும் ஒவ்வொரு பிடிதாங்கி செய்து, சட்டத்தோடு பூட்டித் தந்தார். துளையை மெசினில் வெட்டி, பிறகு அரத்தால் ராவி, அச்சைப் போட்டுப் பார்த்து, மறுபடி ராவி, அரைநாள் இருந்தார். ஆட்டமே இல்லாமல் பொருந்த வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மோட்டர் பூட்டுகிற எவரும் இந்தத் தகடு இல்லாமல் றோட்டில் இறங்கவே கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன்.

இனி பிரேக். ஒயில் பிரேக்கா கேபிள் பிரேக்கா என்பதுதான் அதில் முதல் கேள்வி. ஒயில் பிரேக் நன்றாகப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பழுதானால் அதற்கான ஒயிலும் குழாயும் கொழும்பிலிருந்து வரும்வரை தயிர் காத்திருக்காது. கேபிள் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். நான் போட்டிருப்பது 180 மில்லிமீற்றர் தட்டோடு கேபிள் டிஸ்க், முன்னும் பின்னும். பாரத்தோடு உவர்மலையிலிருந்து இறங்குவதும், கோட்டைப் பக்கம் புள்ளிமான் திடீரென்று றோட்டுக்குக் குறுக்கே வருவதும் எனக்கு அன்றாடம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. அதனால் மோட்டரை ஆளும் கொன்ட்ரோலரில் உச்ச வேகத்தை மணிக்கு 25 கிலோமீற்றரில் கட்டி வைத்திருக்கிறேன். பிரேக் பிடியில் மோட்டரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது, பிடியைத் தொட்டவுடன் மோட்டர் விடும். கடற்கரை ஒழுங்கைகளின் மணல் பிரேக் கட்டைக்குள் போனால் தட்டில் வரி விழும். கட்டையைக் கழற்றி மணல் தாளில் ஒருக்கா தேய்த்துப் போடுவேன்.

பற்றரியைப் பற்றிக் கொஞ்சம். முதலில் இருந்தது மோட்டரோடு வந்த சாதாரண லித்தியம் பற்றரி. பிறகு நானே லித்தியம் இரும்பு பொஸ்பேட் செல்கள் 16 சேர்த்துக் கட்டினேன். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், மொத்தம் 51.2 வோல்ட், 20 அம்பியர் மணி. பாரம் கூடத்தான், ஆனால் பாரம் சுமக்கிற வண்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. சூட்டைத் தாங்கும், தீப்பிடிக்கும் பயம் குறைவு, ஆயுளும் கூட. போன் திருத்தும் கடையில் கனகாலம் வேலை பார்த்ததால் வயர் வேலையில் எனக்குப் பயமில்லை, என்றாலும் ஸ்பானரின் கைபிடி முழுவதும் ரேப் சுற்றிவிட்டுத்தான் செல்களின் போல்டைத் தொட்டேன். இரண்டு முனையில் ஒரே நேரத்தில் பட்டால் ஸ்பானரே உருகும். சார்ஜரையும் மாற்ற வேண்டும்: பழையது 54.6 வோல்ட்டில் நிற்கும், இதற்கு 58.4 வேண்டும். கொன்ட்ரோலரைத் திறந்து உள்ளே உள்ள கபாசிட்டர் 63 வோல்ட் வரை தாங்கும் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் இணைத்தேன்.

முழுசாக நிரப்ப ஒரு அலகுக்குச் சற்று மேல் கரண்ட் போகும். பாரத்தோடு நிலாவெளி போய் வெறும் பெட்டியோடு திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டும் ரவுணுக்குத் திரும்பும்போது எதிர்க்காற்று, பெட்டி பாய் விரித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். அப்போது மிச்சம் வெகுவாகக் குறையும். இந்த வகைப் பற்றரியில் வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தை மதிப்பிட முடியாது, கடைசி வரை ஒரே அளவில் நின்று திடீரென்று விழும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று எண்ணும் மீற்றர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

உப்புக் காற்றுதான் இந்த ஊரில் பெரிய பிரச்சினை. வயர் இணைப்புகளைத் திறந்தால் பித்தளைக் காலில் பச்சைப் பூச்சு இருக்கும். அது வந்துவிட்டால் இணைப்பு சூடாகும், மோட்டர் விக்கி விக்கி ஓடும். ஒவ்வொரு இணைப்பையும் சுத்தம் செய்து, சிலிக்கோன் கிறீஸ் அடைத்து, வாய் கீழே பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறேன். மோட்டரிலிருந்து வரும் வயர் முதலில் அச்சுக்குக் கீழே தொங்கி, பிறகுதான் மேலே ஏற வேண்டும். மாரியில் வயர் வழியாக ஓடும் மழைத் தண்ணி அந்தத் தொங்கலில் சொட்டி விழுந்துவிடும், அச்சுக்குள் போகாது. வாடை தொடங்கி றோட்டில் வெள்ளம் நின்றால், அச்சுக்கு மேல் தண்ணி நிற்கும் இடத்துக்குள் இறங்கமாட்டேன், சுற்றிப் போவேன். கழுவும்போது பிரஷர் பைப் பிடிப்பதே இல்லை. குழாய்த் தண்ணியில் நனைத்த துணி போதும். எங்கள் கிணறு கொஞ்சம் உவர், அந்தத் தண்ணியைச் செயினுக்குக் காட்டுவதில்லை.

இப்போது வண்டியில் மீதமிருக்கும் வேலை ஸ்டாண்ட். சட்டிகளை ஏற்றும்போது வண்டி சரிந்தால் ஒரு நாள் வருமானம் போய்விடும், அதனால் இரட்டைக் கால் ஸ்டாண்டுதான் போட்டிருக்கிறோம். கொங்கிறீட்டில் உறுதியாக நிற்கிறது. விடுதி வாசல்களின் மணலில் ஒரு கால் மட்டும் மெல்ல மெல்லப் புதைகிறது. இரண்டு காலுக்கும் கீழே உள்ளங்கை அகலத் தகடு வைத்து ஒட்டித் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். தகட்டைத் துருப்பிடிக்காத இரும்பில் போடுவதா, சாதாரண இரும்பில் போட்டுப் பெயின்ற் அடிப்பதா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் முடிவு வரவில்லை. அவர் பெயின்ற் என்கிறார். மணல் பெயின்றை ஒரு மாதத்தில் உரித்துவிடும் என்கிறேன் நான்.