அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் விடுபட்ட இலங்கை

என் அப்பா இந்திய அமைதிப்படையில் இருந்தவர். 1988-ல் இலங்கைக்குப் போய் 1989 கடைசியில் திரும்பினார். ஆனால் 1998-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது அவர் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில், அதாவது அவருடைய சேவை விவரங்கள் அடங்கிய புத்தகத்தில், இலங்கை என்ற பெயரே இல்லை. பதக்கங்களுக்கான இடத்தில் ஒன்பது வருட சேவைப் பதக்கமும், 1997-ல் பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்த சுதந்திரப் பொன்விழாப் பதக்கமும் மட்டும் எழுதியிருந்தன. அமைதிப்படையில் இருந்தவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் உண்டு. அதன் ரிப்பனில் 'ஸ்ரீலங்கா' என்று பொறித்த ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கும், கிளாஸ்ப் என்பார்கள். அது அப்பாவின் கணக்கில் ஏறவே இல்லை.

ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் விவரங்களைச் சரிபார்க்க, பெங்களூரு அல்சூர் வீட்டில் பழைய காகிதங்களை எடுத்தபோதுதான் இது என் கண்ணில் பட்டது. அப்பாவிடம் கேட்டேன். "அது அப்படித்தான்மா, விடு" என்றார். எனக்கு விட மனம் வரவில்லை.

விடுபட்டது எப்படி என்பதை முதலில் சொல்கிறேன். இதே காரணத்தால் விடுபட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அப்பா டிரைவர். அவருடைய சொந்த யூனிட் இலங்கைக்குப் போகவில்லை. டிரைவர்கள் போதவில்லை என்று அவரையும் இன்னும் சிலரையும் அங்கே போகிற வேறொரு யூனிட்டோடு அட்டாச் பண்ணி அனுப்பினார்கள். வவுனியா பக்கம் ரேஷன் லாரி ஓட்டினார். மெடலுக்கு உரியவர்கள் யார் யார் என்று பெயர்ப் பட்டியல் தயாரித்து பார்ட் டூ ஆர்டர் என்ற அதிகாரபூர்வ அறிவிப்பைப் போட வேண்டியது யூனிட். அந்த ஆர்டர், படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போனால்தான் ஒவ்வொருவரின் சேவைப் பதிவேடான ஷீட் ரோலில் ஏறும். ஷீட் ரோலில் இருப்பதுதான் டிஸ்சார்ஜ் புக்குக்கு வரும். போன இடத்து யூனிட் தன்னுடைய ஆட்களுக்கு மட்டும் பட்டியல் போட்டது. சொந்த யூனிட்டோ, அங்கேயே போட்டிருப்பார்கள் என்று இருந்துவிட்டது. நடுவில் அப்பா விழுந்துவிட்டார்.

அவர் ஏன் கேட்கவில்லை என்பது வேறு கதை. 1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறுநாளே படை போய் இறங்கியது. அமைதி காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரோடு திரும்பவில்லை. மும்பையில் பிறந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் இறந்து பரம் வீர் சக்ரா பெற்றார். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைக்கு வந்தபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் கணியம்பாடி பக்கம். பட்டாளத்துக்குப் போகாத வீடு குறைவு. அங்கேயே அப்பாவைப் பார்த்து, "நம்ம ஜனங்களையா சுட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அப்பா அதற்குப் பதில் சொன்னதில்லை. அதன் பிறகு இலங்கையைப் பற்றி வீட்டில் பேசியதும் இல்லை.

அந்தப் போரில் ஈழத் தமிழ் மக்கள் பட்டது பெரிய துயரம். அதைக் குறைத்துப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை. அந்த நியாயங்களை இந்த மெடல் தீர்க்கப் போவதும் இல்லை. ஆனால் அரசு அனுப்பியதால் போனவர் அப்பா. கண்ணிவெடி புதைத்த ரோட்டில் லாரி ஓட்டியிருக்கிறார். அனுப்பிய அரசின் காகிதமே அவர் போகவில்லை என்று சொன்னால் அது பொய். அந்தப் பொய்யைத் திருத்த வேண்டும் என்பதற்காகத்தான் இறங்கினேன். பென்ஷன் இதனால் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணத்தை எதிர்பார்த்து யாரும் இதற்கு அலைய வேண்டாம்.

முதல் மனுவை அப்பாவின் பெயரில், அவர் கையெழுத்தோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினோம். சர்வீஸ் நம்பர், ரேங்க், யூனிட், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை இலங்கையில் இருந்தார் என்ற விவரம், டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணை ஆகியவற்றின் நகல்கள், முன்னாள் ராணுவத்தினர் அடையாள அட்டை நகல் எல்லாம் வைத்தோம். பதில் நான்கு வரியில் வந்தது. இந்த அலுவலகத்தில் உள்ள ஆவணங்களின்படி நீங்கள் அங்கே பணியாற்றியதாகப் பதிவு இல்லை, எனவே பதக்கத்துக்கு உரிமை இல்லை என்றது. அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாருடைய பதிவு தவறு என்கிறோமோ, அதே பதிவைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் ரெசிடென்சி ரோடு என்று நாம் இன்னும் சொல்கிற ஃபீல்டு மார்ஷல் கரியப்பா சாலையில் இருக்கும், முன்னாள் படைவீரர்களுக்கான சைனிக் நலத்துறை அலுவலகத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். அங்கே இருந்தவரும் முன்னாள் பட்டாளத்துக்காரர். கன்னடத்தில் ஆரம்பித்தவர், அப்பா வேலூர் என்றதும் தமிழுக்கு மாறிவிட்டார். "அண்ணே, மெடல் குடுங்கன்னு கேக்காதீங்க. உங்க ஷீட் ரோல் நகலை முதல்ல வாங்குங்க. அதுல என்ன இருக்குன்னு பார்த்துட்டு எழுதுங்க" என்றார். எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகளில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

ஷீட் ரோலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். ஆன்லைனிலேயே பத்து ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். டெல்லியில் ராணுவத்தின் ஆர்.டி.ஐ. பிரிவுக்குப் போய், அங்கிருந்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு மாற்றிவிடுவார்கள். விண்ணப்பம் படைவீரரின் பெயரிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் பெயரில் போட்டால் இன்னொருவரின் சொந்த விவரம் என்று மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும். "எனக்கு மெடல் ஏன் வரவில்லை" என்பதுபோல் காரணம் கேட்கும் கேள்விகளை வைக்கவில்லை. ஷீட் ரோலின் சான்றளித்த நகல், 1988, 1989 ஆண்டுகளில் என் பெயரில் வந்த பார்ட் டூ ஆர்டர்களின் நகல், என் மருத்துவ ஆவணங்களின் நகல் என்று பொருளைக் குறிப்பிட்டுக் கேட்டோம்.

நகல்கள் வந்த அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மங்கிய ஜெராக்ஸ். டைப் அடித்த வரிகளுக்கு நடுவே பேனாவில் எழுதிய வரிகள். 1988-ல் ஒரு வரியில் அப்பா வேறு யூனிட்டோடு அட்டாச் ஆன தேதி இருந்தது. 1989-ல் திரும்பி வந்த தேதி இருந்தது. இடையில் எங்கே இருந்தார் என்று மட்டும் ஒரு எழுத்து இல்லை. மருத்துவ ஆவணத்தில் ஒரு பக்கத்தை அப்பா எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மலேரியாவுக்காக கள மருத்துவமனையில் சேர்த்த குறிப்பு. இடம் என்ற இடத்தில் வவுனியா என்று இருந்தது. அவர் இலங்கையில் இருந்ததற்கான சாட்சி ரெக்கார்ட் ஆபீஸின் அலமாரியிலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறது.

அப்பா அன்றுதான் பேசினார். காய்ச்சலோடு படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த பஞ்சாபிப் பையனைப் பற்றி, ரோட்டோரத்தில் தண்ணீர் கொடுத்த ஒரு கிழவியைப் பற்றி, தமிழ் தெரியும் என்பதால் ஒவ்வொரு செக்போஸ்டிலும் தன்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னதைப் பற்றி. "அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே" என்று ஆரம்பித்தவர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

பழைய இன்லண்ட் கடிதங்களையும் அம்மா எடுத்துக் கொடுத்தார். ஆனால் ராணுவத் தபாலில் ஊர் பெயர் இருக்காது. யூனிட் பெயருக்குக் கீழே 56 ஏ.பி.ஓ. என்று ராணுவ அஞ்சலக எண் மட்டும் இருக்கும். இருந்தாலும் அட்டாச் ஆன யூனிட்டின் பெயர் அப்பாவின் கையெழுத்தில், தேதியோடு இருந்ததால் அவற்றில் இரண்டை நகல் எடுத்து வைத்துக்கொண்டோம்.

இனி வேண்டியிருந்தது ஒன்றுதான். அட்டாச் ஆன யூனிட் அந்தத் தேதிகளில் இலங்கையில் இருந்தது என்பதற்குச் சான்று. அப்பாவோடு லாரியில் போய்வந்த ஒரு சித்தப்பா, அந்த யூனிட்டின் சொந்த ஆள், வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் இருக்கிறார். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. கன்டோன்மென்ட்டில் லால்பாக் எக்ஸ்பிரஸ் ஏறி, காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் அதே யூனிட், அதே காலம், ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், ஸ்ரீலங்கா கிளாஸ்ப் எல்லாம் பளிச்சென்று இருந்தன. "அண்ணே, இத்தன வருஷம் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்று அப்பாவைக் கடிந்துகொண்டார். அன்றைக்கே வேலூரில் நோட்டரியிடம் போய் அபிடவிட் போட்டுக் கொடுத்தார். அப்பா எந்த மாதம் வந்தார், எந்த வண்டி ஓட்டினார், எந்தக் கமாண்டரின் கீழ் இருந்தார் என்று தன் சர்வீஸ் நம்பரோடு எழுதினார். பொதுவாக 'இவரை எனக்குத் தெரியும்' என்று எழுதும் அபிடவிட்டுக்கு மதிப்பில்லை. இப்படி எழுதினால்தான் அலுவலகம் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இரண்டாவது மனு ஒரே பக்கம்தான். உங்கள் ஷீட் ரோலில் இந்த வரியில் அட்டாச் தேதி உள்ளது, உங்கள் மருத்துவ ஆவணத்தில் இந்தப் பக்கத்தில் இடம் உள்ளது, அதே யூனிட்டைச் சேர்ந்தவருக்கு அதே காலத்துக்கு இந்தப் பதக்கம் வழங்கப்பட்டுள்ளது, ஆகவே விடுபட்ட பார்ட் டூ ஆர்டரை இப்போது வெளியிட்டு என் ஆவணங்களைத் திருத்த வேண்டும். இவ்வளவே. ஒவ்வொரு இணைப்பின் மேலும் அப்பாவின் சர்வீஸ் நம்பரை எழுதினேன், காகிதங்கள் பிரிந்து போனாலும் யாருடையது என்று தெரியட்டும் என்று. சைனிக் நலத்துறை தன் கவரிங் லெட்டரோடு அனுப்பி வைத்தது. மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று ஒரு வக்கீலிடமும் கேட்டு வைத்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை.

நடுவில் நீண்ட மௌனம். போன் செய்தால் ஃபைல் யூனிட்டுக்குப் போயிருக்கிறது என்பார்கள். கோடை முடியும்போது கடிதம் வந்தது: பார்ட் டூ ஆர்டர் வெளியிடப்பட்டது, அசல் டிஸ்சார்ஜ் புக்கை அனுப்பவும். அசலைத் தபாலில் அனுப்ப மனம் இல்லாமல் அப்பாவும் நானும் நேரில் கொண்டுபோனோம். அங்கிருந்த ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) எழுந்து நின்று அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டார். பதிவு எழுதி, முத்திரை வைத்து, அதிகாரி கையெழுத்தாகி வரும் வரை அப்பா அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதக்கம் கைக்கு இன்னும் வரவில்லை, உரிமைக் கடிதம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் பொறித்து வர வேண்டும். அதற்குள் போட்டுக்கொள்ள, ராணுவச் சாமான் விற்கும் கடையில் மாதிரிப் பதக்கமும் கிளாஸ்ப்பும் வாங்கியாயிற்று.

ஒன்றை அவசரமாகச் சொல்ல வேண்டும். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடம்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடலாம். அமைதிப்படைக் காலத்தவர்களுக்கு அந்தக் கெடு பெரும்பாலும் தாண்டிவிட்டது. பென்ஷன் வாங்குகிறவர்களின் ஆவணங்கள் இன்னும் இருக்கும், ஆனால் சாட்சி சொல்லக்கூடிய கூட்டாளிகளுக்கு எழுபதை நெருங்கும் வயது. உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்த வாரமே டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பாருங்கள்.

அப்பாவோடு அட்டாச் ஆகிப் போன டிரைவர்களில் இன்னொருவர் இப்போது இல்லை. அவர் மனைவி குடியாத்தத்தில் குடும்ப பென்ஷனில் இருக்கிறார். அந்த அத்தையின் பி.பி.ஓ. நகலும் அடையாள அட்டையும் வாங்கி, அவர் பெயரில் ஆர்.டி.ஐ. போட்டிருக்கிறோம். இந்த முறை அபிடவிட் எழுதியவர் அப்பா.