ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே: மடுவும் மலையிடுக்கும் விறைக்கும் இரவும்

மெல்பேர்ண், சிட்னி என்று சொந்தக்காரரைப் பார்க்கப் போகும் கொழும்பு ஆட்கள் நாலைந்து நாளை நடு அவுஸ்திரேலியாவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரப் பக்கத்துக்கு ஒதுக்கலாம். யூன் முதல் ஓகஸ்ட் வரை நல்ல காலம். பாலைவனம் என்றதும் தொப்பியும் சன்கிரீமும்தான் பெட்டியில் ஏறும். ஆனால் இந்த மாதங்களில் அங்கே ஆளைப் படுத்துவது குளிர். பகல் இருபது பாகையளவில் சுகமாக இருக்கும். சில நாட்களில் விடியப்புறம் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். நுவரெலியாவுக்குப் போடும் ஸ்வெட்டர் கூடாரத்துக்குள் காணாது.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்புவதற்கான கணக்கு, நித்திரைக்கானது அல்ல. கீழே தடித்த மெத்தை விரிக்காவிட்டால் பாதிக் குளிர் நிலத்திலிருந்தே ஏறும்.

அடுத்தது காஸ் டின் பூட்டும் அடுப்பு. விடிய தேத்தண்ணி போடத் திருகினால் சுடர் நீலப் பொட்டாகச் சுருங்கி அணையும். டின்னைக் குலுக்கினால் உள்ளே சளசளவென்று கேட்கும், காஸ் முடியவில்லை. டின்னுக்குள் இருக்கும் பியூட்டேன் கொதிப்பது -0.5 பாகையில். அதற்குக் கீழே அது ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். புரொப்பேன் கலந்த டின் என்றால் இந்தத் தொல்லை குறைவு. இல்லாவிட்டால் ஜாக்கெட்டுக்குள் கொஞ்சநேரம் வைத்துவிட்டுப் பற்றவையுங்கள்; நெருப்புக்குக் கிட்ட மட்டும் கொண்டுபோகாதீர்கள். விமானத்தில் காஸ் டின் ஏற்ற விடமாட்டார்கள், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில்தான் வாங்கவேண்டும்.

ஆலிஸிலிருந்து லராபின்டா வீதியிலும் அதிலிருந்து பிரியும் நமட்ஜிரா வீதியிலும் மேற்கே போனால் இடங்கள் வரிசையாக வரும். 18 கிலோமீற்றரில் சிம்ப்சன்ஸ் கேப் என்ற மலையிடுக்கு: காலையில் பாறைக் குவியலில் வல்லபிகள் (கங்காரு போன்ற சிறிய விலங்கு) நிற்கும், குளிக்க அனுமதி இல்லை. 50 அளவில் ஸ்டாண்ட்லி கேசம் என்ற ஒடுங்கிய பிளவு: உச்சி வெயிலில்தான் இரு சுவரும் சிவந்து எரியும், மற்ற நேரம் போவது வீண். 90 அளவில் எல்லரி க்ரீக் மடு, 135 அளவில் ஓர்மிஸ்டன் மலையிடுக்கு. ரெட்பேங்க் மலையிடுக்கு இன்னும் தள்ளி. அங்கே போகும் கடைசித் துண்டு கரடுமுரடான மண்பாதை. சாதாரண வாடகைக் காரை அதில் இறக்கினால் பெரும்பாலும் காப்புறுதி கிடையாது.

எல்லரி மடு கோடையிலும் குளிரும். உயர்ந்த பாறைச் சுவர் வெயிலை மறைப்பதும் ஆழமும் சேர்ந்த வேலை அது. மேல்தண்ணி இளஞ்சூடாகப் பட்டாலும் காலுக்குக் கீழே பனிபோல் இருக்கும். திடீரென்று குதித்தால் மூச்சு இழுபட்டுத் தண்ணி வாய்க்குள் போகும், காலும் பிடித்துக்கொள்ளும். முழங்கால், இடுப்பு என்று மெதுவாக இறங்குங்கள். நடுவுக்குப் போக ஆசையென்றால் மிதவை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். நடுக்கம் தொடங்கினால் உடனே கரை. காற்சட்டைப் பைக்குள் வாகனச் சாவியை விட்டுவிட்டு நீந்துவோரும் உண்டு, கவனம்.

கூடாரத்தை வரண்ட ஆற்று மணலில் அடிக்காதீர்கள்; எங்கோ பெய்த மழை திடீரென்று வரும். ரெட் கம் என்ற பெரிய யூக்கலிப்டஸ் மரத்தடியும் ஆகாது, காற்றில்லாமலே கிளை முறியும். பொழுது சாய முன் முகாமுக்குள் இருங்கள். அந்த நேரத்தில்தான் கங்காருவும் மாடும் வீதிக்கு ஏறும்.

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளுக்கு 4 லீற்றர் தண்ணி. பெற்றோலை ஆலிஸிலேயே நிரப்புங்கள். வெளிநாட்டவருக்குப் பூங்கா அனுமதிச்சீட்டு வேண்டும். முகாமிடத்தையும் இணையத்தில் முன்பே பதியவேண்டும்.

மிளகாய்த்தூள், இடியப்ப மா எது கொண்டுபோனாலும் அவுஸ்திரேலிய வருகை அட்டையில் எழுதிக் காட்டுங்கள். பச்சைக் கறிவேப்பிலையைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இந்தப் பக்கமே விட்டுவிடுங்கள்.