முதலில் கை, பிறகு தீனி: பயந்த நாய்க்குப் பிரஷ்ஷும் நகவெட்டியும் பழக்குவது

பிரஷ்ஷைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும் நாயை நினைத்துத்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எதைச் செய்தாலும் அசையாமல் நிற்கும் நாயை அதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டும். தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ மீட்டு வந்த நாய் அப்படி நின்றுவிட்டால், "நல்லா பழகிடுச்சு" என்று சந்தோஷப்படுவோர் உண்டு. உற்றுப் பாருங்கள்: உடம்பு விறைத்திருக்கும், வாய் இறுக மூடியிருக்கும், வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும், கண்ணோரத்தில் வெள்ளை பிறையாகத் தெரியும். அது பழகிய நாய் இல்லை. ஓடியும் பயனில்லை, உறுமியும் பயனில்லை என்று கைவிட்டுவிட்ட நாய். அந்த விறைப்பிலிருந்து கடிக்குப் போக ஒரு நொடி போதும்.

ஆகவே நாயை அசையாமல் நிறுத்தி வைப்பது நம் வேலை இல்லை. "இப்போது வேண்டாம்" என்று சொல்ல அதற்கு ஒரு வழி வேண்டும். சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். நிறுத்தினால் நாய் கெட்டுப்போகும் என்று பயப்படத் தேவையில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகிப் போகலாம் என்று தெரிந்த நாய்க்கு விலகும் அவசரமே குறைந்துவிடும்.

பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். காதில் தொற்று, மூட்டுத் தேய்மானம், ஆறாத பழைய எலும்பு முறிவு, உண்ணி கடித்துப் புண்ணான இடம் என எது இருந்தாலும் பயிற்சி ஏறாது. ஒரு பக்கக் காதை மட்டும் தர மறுப்பது, பின்னங்காலைத் தூக்கினால் மட்டும் சட்டென்று திரும்புவது போன்றவற்றைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலிக்கான குறிப்பு அவை.

வீட்டுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வாரம் பிரஷ், குளியல் எதுவும் வேண்டாம். அழுக்கு அதிகமென்றால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். அந்த நாட்களில் நாயின் முகத்தைப் படித்துப் பழகுங்கள். சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, முகத்தை அந்தப் பக்கம் திருப்புவது, ஒரு முன்னங்காலை மட்டும் தூக்கி வைத்திருப்பது எல்லாம் உறுமலுக்கு வெகுமுன்பே வரும் சேதிகள். இவற்றைக் கவனித்து விலகினால் உறுமலுக்கு அவசியமே வராது. உறுமினாலும் அதட்டக் கூடாது. அதட்டினால் உறுமல்தான் போகும், பயம் போகாது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும்.

இனி எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயம். தொடுவது முதலில், தீனி பிறகு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தீனியைக் காட்டி நாயை வரவழைத்து, அது மென்றுகொண்டிருக்கும்போதே பிரஷ்ஷை வைக்கிறார்கள். நாய் அதிலிருந்து கற்பது என்ன? கோழித்துண்டு வந்தால் பின்னாலேயே பிரஷ் வரும் என்பதை. நாலைந்து தடவையில் தீனியைக் கண்டாலே பின்வாங்கத் தொடங்கும். சரியான வரிசை இது: கை தோளில் படுகிறது, அரை நொடியோ ஒரு நொடியோ கழித்து மறு கையிலிருந்து தீனி வருகிறது, கை விலகுகிறது, தீனியும் நிற்கிறது. தீனி வைத்திருக்கும் கை அதற்கு முன் அசையவே கூடாது. பைக்குள் போகிற கையைப் பார்த்தே நாய் கணக்குப் போட்டுவிடும். கை பட்டவுடன் நாய் ஆவலோடு தீனிக் கையைத் திரும்பிப் பார்த்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தத் திரும்பல் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தீனி பட்டாணி அளவில், மெல்லாமல் விழுங்கக்கூடிய மென்மையோடு இருக்கட்டும். உப்பு சேர்க்காமல் வேகவைத்த கோழி நன்றாக வேலை செய்யும். வேர்க்கடலை வெண்ணெய் கொடுப்பதென்றால் டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு அது நஞ்சு. வழக்கமாகப் பாய்ந்து தின்னும் தீனியை நாய் தொடாமல் விட்டால், தாங்க முடியாத இடத்துக்கு அதைக் கொண்டுவந்துவிட்டோம் என்று அர்த்தம். பசி போதவில்லை என்று நினைத்துப் பட்டினி போடாதீர்கள். நாய்க்கும் அது பயப்படும் பொருளுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டுங்கள்.

இடம், தரையில் வழுக்காத விரிப்பு. மேசை வேண்டாம், கதவைச் சாத்தவும் வேண்டாம். நாயின் மேல் குனியாமல் பக்கவாட்டில் உட்காருங்கள். தலைக்கு மேலிருந்து வரும் கை பயந்த நாய்க்கு ஆகவே ஆகாது. தோளிலும் மார்பின் பக்கத்திலும் தொடங்கி முதுகுக்குப் போகலாம். இடுப்பு, வயிறு, காது அதற்குப் பின். பாதமும் வாலும் கடைசி. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். அரை மணி நேரம் ஒரேயடியாகச் செய்வதைவிட இது வேகமாகப் பலன் தரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நேரத்தைக் கூட்டினால் தொடும் இடத்தை மாற்றாதீர்கள்; புது இடத்துக்குப் போனால் நேரத்தைக் குறையுங்கள்.

கை பழகியதும் நாய்க்கு 'நிறுத்து' என்று சொல்ல ஒரு பொத்தானைக் கொடுங்கள். மடித்த துண்டை ஒரு தாழ்வான முக்காலிமேல் வையுங்கள். நாய் தாடையை அதன்மேல் வைத்தால் தீனி. ஒரு நொடி, பிறகு மூன்று, ஐந்து, பத்து என நீட்டுங்கள். தாடை பத்து நொடி நிலையாக இருக்கத் தொடங்கியபின் உங்கள் கையை அசைத்துப் பாருங்கள், பின்பு தொடுங்கள், அதன்பின் பிரஷ்ஷை எடுங்கள். தாடை மேலே வந்தால் கை அந்த நொடியே விலக வேண்டும். "இன்னும் ஒரே ஒரு இழுப்பு" என்பது கூடாது. ஒருமுறை ஏமாற்றினால் பொத்தான் வேலை செய்வதில்லை என்று நாய் முடிவுகட்டிவிடும். சிராக் பட்டேல் என்ற பயிற்சியாளர் பரவச் செய்த வாளி விளையாட்டும் இதே தத்துவம்தான்: தீனி நிறைந்த சின்ன வாளியை நாய் பார்த்துக்கொண்டிருக்கும்வரை வேலை நடக்கும், பார்வையை எடுத்தால் நிற்கும். தாடையைத் தரவே கூச்சப்படும் நாய்களுக்கு வாளி எளிது.

பிரஷ் வகையில், குட்டை முடிக்கு ரப்பர் பிரஷ். பயந்த நாய்க்கு எந்த முடியானாலும் இதிலிருந்தே தொடங்குவது நல்லது, ஏனென்றால் குத்தாது. நீள முடிக்கும் அடர்ந்த உள்முடிக்கும் பிற்பாடு ஸ்லிக்கர் பிரஷ்ஷும் (மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த பிரஷ்) உலோகச் சீப்பும் வேண்டும். ஸ்லிக்கரின் கம்பிகளை முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் நாய்க்கும் எரியும். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து புண்ணாகும். முடியை ஒரு கையால் மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து வரிசை வரிசையாகச் சீவுங்கள். மேலாகத் தடவிவிட்டுப் போனால் மேல்முடி பளபளக்கும், அடியில் சிக்கு கட்டிக்கொண்டே போகும்.

சிக்கு சேரும் இடங்கள் காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டை உரசும் இடம். சின்ன முடிச்சென்றால் வேர்ப்பக்கத்தை விரல்களால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சீப்பின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுங்கள். இழுவை தோலுக்குப் போகாமல் உங்கள் விரலிலேயே நின்றுவிடும். கத்தரிக்கோல் மட்டும் கூடவே கூடாது. சிக்கு தோலைத் தன்னோடு மேலே இழுத்து வைத்திருக்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டினாலும் அது இன்னும் இறுகும். உடம்பு முழுக்கப் பாய்போல் கட்டியிருந்தால் மருத்துவரிடம் மயக்கத்தில் மழிப்பதுதான் கருணை. அதைப் பயிற்சியில் சரிசெய்ய முயல்வது நாயை வாரக்கணக்கில் வதைப்பது.

நகம். பெரும்பாலான நாய்களுக்கு இதுதான் மலை, அவசரப்பட்டு எல்லாம் கெடுவதும் இங்கேதான். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் உயிர்ச்சதை இருக்கிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. 1 மில்லிமீட்டர் அளவில் சீவிச் சீவி, வெட்டிய முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முதலில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி வெளிறியிருக்கும். நடுவில் ஈரப்பசையோடு கறுத்த வட்டம் தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள். மழுங்கிய நகவெட்டி வெட்டுவதற்கு முன் நகத்தை நசுக்கும். ரத்தம் வராமலே நாய் கதறுவதற்குப் பாதிக் காரணம் இந்த நசுக்கல். தவறி ரத்தம் வந்தால் ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடரையோ, அது இல்லையென்றால் சோள மாவையோ வைத்து அழுத்திப் பிடியுங்கள். அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.

பழக்கும் வரிசை பொறுமையைக் கேட்கும். தோளிலிருந்து கை வழுக்கி முழங்கைவரை, பிறகு மணிக்கட்டுவரை. பாதத்தைத் தொட்டு விடுவது. ஒரு நொடி பிடிப்பது. ஒரு விரலை மெல்ல அழுத்துவது. தனியாக, நகவெட்டி தரையில் கிடப்பதற்கே தீனி, அதைக் கையில் எடுத்தால் தீனி, நாய்க்குப் பக்கத்தில் வேறு எதையாவது 'டக்' என்று வெட்டினால் தீனி. இரண்டும் தனித்தனியே பழகியபின்தான் ஒன்றுசேர வேண்டும். முதல் நாள் ஒரு நகம். மறுநாள் இன்னொன்று. காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகத்தை மறந்துவிடாதீர்கள். தரையில் தேயாததால் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும்.

காலைத் தரவே மறுக்கும் நாய்க்கு அருமையான மாற்று ஒன்று உண்டு. ஒரு பலகையில் 80 எண் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, அதை முன்னங்காலால் பிறாண்டினால் தீனி என்று சொல்லித்தாருங்கள். நாயே தன் நகத்தைத் தேய்த்துக்கொள்ளும். நடுவிரல் நகங்கள் அதிகம் தேயும், ஓரத்து நகங்கள் குறைவாகத் தேயும். பாதத்தின் மெத்தை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கொஞ்சமாகத் தேய்ந்துவந்தால் நீண்டிருக்கும் உயிர்ச்சதையும் மெல்லப் பின்வாங்கும்.

குளியலில் பயம் பெரும்பாலும் தண்ணீரால் வருவதில்லை. கால் வழுக்குவதாலும், மேலிருந்து பீய்ச்சும் சத்தத்தாலும் வருகிறது. வெறும் தொட்டிக்குள் ரப்பர் விரிப்பைப் போட்டுப் பல நாள் தீனி கொடுத்துவிட்டுப் பிறகு நீரைப் பற்றி யோசியுங்கள். வெதுவெதுப்பான நீரைக் குவளையால் தோளிலிருந்து பின்பக்கமாக ஊற்றுங்கள்; முகத்துக்கு ஈரத்துணி. மனிதர் ஷாம்பூ நாயின் தோலுக்கு அமிலத்தன்மை அதிகம். நாய் ஷாம்பூவையும் நீர்க்கக் கரைத்துக்கொண்டால் அலசுவது சீக்கிரம் முடியும். அலசாமல் தங்கும் நுரைதான் பல அரிப்புகளுக்குக் காரணம். துவட்டும்போது துண்டால் அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

முடி உலர்த்தும் ட்ரையரும் முடி மழிக்கும் கிளிப்பரும் வந்தால் சத்தம், அதிர்வு, காற்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பழக்குங்கள். இயந்திரம் அடுத்த அறையில் ஓடட்டும், இங்கே தீனி. அணைத்த கிளிப்பர் முதுகில் படட்டும். ஓடும் கிளிப்பரைப் பிடித்த கையின் பின்புறம் மட்டும் நாயின்மேல் படட்டும். பிளேடு சில நிமிடத்திலேயே சூடாகிவிடும், அடிக்கடி உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். குளியலையும் நகத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஒன்றில் ஏறிய பதற்றம் அடங்குமுன் இன்னொன்று வந்தால் நேற்று சும்மா விட்டதற்கு இன்று கடிக்கும்.

கடிக்கும் வாய்ப்பு இருந்தால் கூடை வடிவ வாய்ப்பூட்டு நல்ல துணை. வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தீனி வாங்கவும் இடம் இருக்க வேண்டும். அதன் உட்புறத்தில் தீனியைத் தடவி, நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை காத்திருங்கள், வாரைப் பிறகு பூட்டலாம். எத்தனை செய்தும் நடுங்கினால் மருத்துவரிடம் கபபென்டின், டிராசோடோன் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகள் பற்றிக் கேளுங்கள். அளவையும் நேரத்தையும் அவர்தான் சொல்ல வேண்டும். மருந்து கொடுப்பது தோல்வி என்று நினைப்பது தவறு. பயம் குறைந்த மூளைதான் பாடத்தையே கற்கும். அசிப்ரோமசீன் என்ற மயக்க மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதை இதற்கு விரும்புவதில்லை: உடம்பு தளரும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

வெளியே குரூமரிடம் (நாய்க்குக் குளியல், முடி, நகம் பார்ப்பவரிடம்) விடுவதாக இருந்தால், நாய் உறுமினால் என்ன செய்வார் என்று முன்பே கேளுங்கள். இறுக்கிப் பிடித்து முடித்துவிடுவேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். முதல் வருகையில் உள்ளே போய்த் தீனி தின்று திரும்பினால் போதும். வீட்டில் பழகிய அதே துண்டையும் பிரஷ்ஷையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் காலைத் தர மறுக்கிறது, எந்தச் சத்தத்துக்கு மிரள்கிறது, தாடை மேலே வந்தால் என்ன அர்த்தம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.