ஸ்கேலைக் கேட்காதே தம்பி, கார்டைப் பிரி

எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பிக்குக் கொஞ்ச நாளாக ஜாஸ் பைத்தியம். ரிகர்சலில் டீ வந்தால் டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் ஆரம்பித்துவிடுவான். "அண்ணே, டி மைனர் செவனுக்கு என்ன ஸ்கேல்ணே?" டோரியன் ஸ்கேல், அதாவது டி-யில் தொடங்கும் ஒரு ஏழு நோட்டு வரிசை, என்று யாராவது சொன்னால் அந்த ஏழு நோட்டையும் மேலேயும் கீழேயும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஜாஸ் மாதிரியே இல்லையே" என்பான்.

எப்படி இருக்கும்? டி டோரியன், ஜி மிக்ஸோலிடியன், சி மேஜர் எல்லாம் அதே ஏழு நோட்டுதான். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று கீழே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுக் கூட்டம்) மாறிக்கொண்டே போகிறது, மேலே இவன் ஒரே வெள்ளைக் கட்டைகளைத் தடவிக்கொண்டிருக்கிறான். 1940-களில் பிறந்த ஜாஸ் பாணியான பெபாப்பை வாசிப்பவரின் வரியை மட்டும் தனியாகக் கேளுங்கள். பியானோ வேண்டாம், பேஸ் வேண்டாம். கார்டு எந்த இடத்தில் மாறியது என்று அந்த ஒற்றை வரியே சொல்லிவிடும். அந்த வேலையை ஸ்கேல் செய்யாது, ஆர்பெஜியோ செய்யும். கார்டைப் பிரித்து ஒவ்வொரு நோட்டாக வாசிப்பது, அவ்வளவுதான்.

நான் வருஷக்கணக்கில் சினிமாப் பாட்டுக்கு ரிதம் கிட்டார் அடித்தவன். ஸ்கேல் தியரி எனக்கு அரைகுறை. ஆனால் எந்த கார்டையும் கழுத்தில் நாலைந்து இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பேன். பெபாப்புக்கு அந்த முதலீடே போதும் என்பது என் கட்சி. சார்லி கிறிஸ்டியனைக் கேட்டால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து, கிப்சன் இஎஸ்-150 எலெக்ட்ரிக் கிட்டாரில் சாக்ஸபோனுக்குச் சமமாக சோலோ வாசித்தவர். 1942-இல் காசநோயில் இறந்தபோது வயது 25. நியூயார்க்கில் ஹார்லெம் 118-ஆம் தெருவில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப். அங்கே 1941-இல் நடந்த ஜாம்களை ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் ரெக்கார்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்து வைத்தார். அதில் 'ஸ்விங் டு பாப்' என்று பின்னால் பெயர் வைத்த பதிவு ஒன்று இருக்கிறது, உண்மையில் அது 'டாப்ஸி' என்ற பாட்டு. கிறிஸ்டியனின் இடது கை பிடித்த கார்டு வடிவத்தை விட்டு அதிகம் விலகாமலே வரி மேல் வரியாகக் கொட்டுவதை அதில் கேட்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டி மைனர் செவன் என்றால் டி, எஃப், ஏ, சி. அதை டி-யிலிருந்து வாசித்தால் சரிதான், ஆனால் டி-யைப் பேஸ் வாசிப்பவர் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கிறார். நாமும் அதையே சொல்ல வேண்டாம். மூன்றாவது நோட்டான எஃப்-இல் தொடங்கி நாலு நோட்டு ஏறுங்கள்: எஃப், ஏ, சி, இ. கையில் இருப்பது எஃப் மேஜர் செவன் ஆர்பெஜியோ. காதில் விழுவது டி மைனர் நைன், ஏனென்றால் டி-யிலிருந்து எண்ணினால் இ ஒன்பதாவது நோட்டு. புதிதாக ஒரு வடிவமும் படிக்க வேண்டியதில்லை, தெரிந்த வடிவத்தை வேறு இடத்தில் வைக்கிறோம். அதே மாதிரி சி மேஜர் செவனுக்கு இ-யிலிருந்து ஏறினால் இ, ஜி, பி, டி. அது இ மைனர் செவன்.

ஜி செவன்தான் எனக்குப் பிடித்த இடம். பி-யில் தொடங்கி பி, டி, எஃப் என்று ஏறுகிறோம். அடுத்தது ஏ வரவேண்டும், அதற்குப் பதில் அரைப் படி இறக்கி ஏ ஃப்ளாட் போடுங்கள். டிமினிஷ்டு செவன் வந்துவிட்டது, ஃப்ளாட் நைனின் (ஜி-யிலிருந்து ஒன்பதாவது நோட்டு அரைப் படி இறங்கியது) அந்தப் புளிப்பும் வந்துவிட்டது.

இப்போது ஒட்டவைக்கும் வேலை. இதற்கு மூன்று தந்திரம் போதும். முதல் நோட்டுக்கு அரைப் படி கீழே இருந்து ஒரு நோட்டை முந்தைய பாரின் (நாலு பீட் கொண்ட ஒரு சுற்று) கடைசி அரை பீட்டில் எடுத்துக்கொள்வது ஒன்று. ஆர்பெஜியோவின் முதல் மூன்று நோட்டை டிரிப்லெட்டாக, அதாவது ஒரே பீட்டுக்குள் மூன்றாக, சுருட்டுவது இன்னொன்று, சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் சோலோ எதை எடுத்தாலும் இது காதில் விழும். மூன்றாவது என்க்ளோஷர். போய்ச் சேர வேண்டிய நோட்டுக்கு மேலே ஒன்று, கீழே அரைப் படியில் ஒன்று, அப்புறம் அந்த நோட்டு. பி-க்குப் போக வேண்டுமென்றால் சி, பி ஃப்ளாட், பி.

மூன்றையும் சேர்த்து நான் தம்பிக்கு வாசித்துக் காட்டிய வரி இது. முந்தைய பார் முடியும்போது இ. டி மைனர் செவன் பாரில் எஃப்-ஏ-சி டிரிப்லெட், பிறகு எட்டாம் நோட்டுகளாக (பீட்டுக்கு இரண்டு) இ, டி, சி, ஏ, சி, பி ஃப்ளாட். ஜி செவன் பாரில் பி, டி, எஃப், ஏ ஃப்ளாட், ஜி, டி, எஃப், டி ஷார்ப். சி மேஜர் செவனின் முதல் பீட்டில் இ. கிட்டாரில் ஐந்தாவது கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டில் தொடங்கினால், 5-ஆம் ஃப்ரெட்டுக்கும் 9-ஆம் ஃப்ரெட்டுக்கும் நடுவிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

வாசித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் முதல் பீட்டில் விழுவது அந்த கார்டின் மூன்றாவது நோட்டு. எஃப், பி, இ. நடுவில் பி ஃப்ளாட், டி ஷார்ப் மாதிரி கார்டுக்குச் சம்பந்தமே இல்லாத நோட்டுகள் வந்தாலும் காது அவற்றை மன்னித்துவிடுகிறது, ஏனென்றால் அவை பீட்டுக்கு வெளியே நிற்கின்றன. அதே நோட்டுகளை அரை பீட் தள்ளி வாசித்துப் பாருங்கள். ஒரு நோட்டும் மாறவில்லை, ஆனால் கிட்டார்காரர் தடுமாறுகிறார் என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள்.

டெட்ராய்ட்டில் பிறந்த பியானோ கலைஞர் பாரி ஹாரிஸ் (1929–2021) பல பத்தாண்டுகள் வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்ததிலும் இது ஒரு பெரிய பகுதி. ஜி செவனுக்கு ஸ்கேலை மேலிருந்து இறக்கும்போது ஜி-க்கும் எஃப்-க்கும் நடுவில் ஒரு எஃப் ஷார்ப் சேர்ப்பார்கள். ஏழு நோட்டு எட்டாகிவிடும். பெபாப் ஸ்கேல் என்று பிற்பாடு பெயர் வந்தது இதற்குத்தான். பீட்டில் விழுவதை மட்டும் எண்ணிப் பாருங்கள்: ஜி, எஃப், டி, பி. ஜி செவன் ஆர்பெஜியோ அப்படியே இறங்கி வருகிறது! மற்ற நாலும் இடைநிரப்பல். அதனால் "ஸ்கேலா, ஆர்பெஜியோவா" என்று யாராவது சண்டைக்கு வந்தால் நான் ஒதுங்கிக்கொள்வேன்.

பாட்டில் வைத்துப் பழக 'ஆட்டம் லீவ்ஸ்' நல்லது. எல்லாரும் வாசித்துத் தேய்ந்த பாட்டுதான், பரவாயில்லை. ஜி மைனரில் எடுத்தால் சி மைனர் செவன், எஃப் செவன், பி ஃப்ளாட் மேஜர் செவன் என்று போகும், பிறகு ஏ மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ், டி செவன், ஜி மைனர். எஃப் செவனுக்கு மூன்றாவதிலிருந்து டிமினிஷ்டு ஏறினால் ஏ, சி, இ ஃப்ளாட், ஜி ஃப்ளாட். டி செவனுக்கு எஃப் ஷார்ப், ஏ, சி, இ ஃப்ளாட். ஜி ஃப்ளாட்டும் எஃப் ஷார்ப்பும் கிட்டாரில் ஒரே ஃப்ரெட். ஆக இரண்டும் அதே நாலு நோட்டு! ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு ஒரு தடவை பி ஃப்ளாட் மேஜரில் இறங்கலாம், மறு தடவை ஜி மைனரில் இறங்கலாம். கடைசி இரண்டு மூன்று நோட்டுதான் வேறு. டிமினிஷ்டு வடிவத்தை மூன்று ஃப்ரெட் நகர்த்தினால் மறுபடி அதே நாலு நோட்டு வேறு வரிசையில் வரும் என்பதால், கழுத்தில் எங்கே நின்றாலும் பக்கத்திலேயே ஒன்று கிடைக்கும். இதைக் கண்டுகொண்ட அன்று நான் ராத்திரி சாப்பாட்டுக்கே எழுந்திருக்கவில்லை, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மெட்ரோனோமை 50-இல் வைத்து, அந்தத் தட்டை இரண்டாவது, நான்காவது பீட்டாக எண்ணி வாசியுங்கள். பாட்டின் வேகம் 100 ஆகிவிடும். முதல் பீட்டை யாரும் தட்டிக் கொடுக்க மாட்டார்கள், நீங்களே சுமக்க வேண்டும். வலது கையைப் பற்றியும் ஒன்று. எல்லா நோட்டையும் பிக்கில் அடித்தால் தட்டச்சு மெஷின் சத்தம்தான் வரும். பீட்டுக்கு வெளியே உள்ள நோட்டைக் கொஞ்சம் அழுத்தி அடித்து, அங்கிருந்து பீட்டில் விழும் நோட்டுக்கு பிக் இல்லாமல் இடது கை விரலாலேயே, ஹேமர்-ஆனிலோ (தட்டி) புல்-ஆஃபிலோ (இழுத்து விட்டு), போனால் சாக்ஸபோனின் மூச்சு கொஞ்சமாவது வரும்.

இப்போது நான் மல்லுக்கட்டுவது 'செரோக்கி'யின் நடுப்பகுதியோடு. ரே நோபிள் 1938-இல் எழுதிய பாட்டு. இதன் கார்டுகளின் மேல்தான் 1945 நவம்பரில் பார்க்கர் 'கோ-கோ'வைப் பதிவு செய்தார், கேட்டால் தலை சுற்றும் வேகத்தில். பாட்டு பி ஃப்ளாட்டில் இருந்தாலும் நடுப்பகுதி சி ஷார்ப் மைனரில் தொடங்கி பி மேஜர், ஏ மேஜர், ஜி மேஜர் என்று முழுப் படி முழுப் படியாக இறங்குகிறது. ஊதுகிறவர்கள் விரலுக்கு அது சோதனை. நமக்கு அவ்வளவு இல்லை. மூன்றாவதிலிருந்து ஏறும் கணக்கில் வழியில் வரும் மைனர் கார்டு (சி ஷார்ப், பி, ஏ, ஜி) ஒவ்வொன்றுக்கும் முறையே இ, டி, சி, பி ஃப்ளாட் மேஜர் செவன் ஆர்பெஜியோ வருகிறது, அதாவது ஒரே வடிவம் இரண்டிரண்டு ஃப்ரெட்டாக இறங்குகிறது. சுலபமாக இருப்பதே இதில் ஆபத்து. வடிவத்தை அப்படியே சறுக்கினால் நாலாவது தடவைக்கு முன்பே கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் இ-யில் ஏறுகிறேன், டி-யில் மேலிருந்து இறங்குகிறேன், சி-யில் முதல் இரண்டு பீட்டை விட்டுவிட்டு டிரிப்லெட்டோடு உள்ளே நுழைகிறேன். பி ஃப்ளாட்டுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. தம்பி அந்த இடத்தில் கீபோர்டில் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான், கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான்.